அறிவுரை எந்த இடத்தில் கலகம் ஆகிறது? சவூதி அரசும் அதன் மத எதிர்ப்பாளர்களும்

2017 செப்டம்பரில் சவூதி அரேபியாவின் பட்டத்து இளவரசரும் கத்தார் அமீரும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். அதற்கு மூன்று மாதம் முன்புதான், ஜூன் 5-ம் தேதி, சவூதியும் அதன் நட்பு நாடுகளும் கத்தாருடனான உறவைத் துண்டித்திருந்தன. பேச்சு நடந்த செய்தி வந்ததும், ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பின்தொடர்ந்த சல்மான் அல்-அவ்தா என்ற ஆலிம் (மார்க்க அறிஞர்) ட்விட்டரில் ஒரு துஆவை, அதாவது பிரார்த்தனையை, எழுதினார். மக்களின் நன்மைக்காக இறைவன் அவ்விரு தலைவர்களின் உள்ளங்களை இணைத்து வைக்கட்டும் என்பது அதன் பொருள். சில மணி நேரத்தில் அவர் கைதானார். ஓராண்டு கழித்து அரசு வழக்கறிஞர் அவர்மீது 37 குற்றச்சாட்டுகளைச் சுமத்தி மரண தண்டனை கேட்டார்.

இந்தச் செய்தியைப் படித்த பலருக்குக் குழப்பம். குர்ஆனும் சுன்னாவுமே (நபிவழியுமே) அரசியல் சாசனம் என்று சட்டத்தின் முதல் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கும் நாடு, ஒரு ஆலிமை ஒரு துஆவுக்காக ஏன் சிறையில் அடைக்க வேண்டும்? "கடும்போக்கு மதகுருக்களைக் களையெடுக்கிறார்கள்" என்று ஒரு பக்கம் எழுதினார்கள். "மார்க்க அறிஞர்களை ஒடுக்குகிறார்கள்" என்று மறுபக்கம் எழுதினார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அடியில் ஓடும் கணக்கை இரண்டுமே சொல்லவில்லை. அரசின் அதிகாரம் மார்க்கத்திலிருந்து வருகிறது என்று சொல்லும் ஆட்சியில், அரசைக் கேள்வி கேட்பவர் கையில் எடுக்கும் முதல் ஆயுதமும் மார்க்கமாகத்தான் இருக்கும். ஆகவே அங்கே எப்போதும் சண்டை மார்க்கத்தின் பெயரால் யார் பேசலாம், யாரிடம் பேசலாம், எவ்வளவு உரக்கப் பேசலாம் என்பதைப் பற்றியது.

முதலில் சில சொற்கள்

தமிழில் வஹ்ஹாபி, சலஃபி, இக்வான் என்ற மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் "வஹ்ஹாபி" என்பது பெரும்பாலும் எதிராளியைக் குறிக்கும் வசைச்சொல். சவூதி விஷயத்தைப் புரிந்துகொள்ள இவற்றைப் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

1. வஹ்ஹாபியம்: 18-ம் நூற்றாண்டில் நடு அரேபியாவின் நஜ்துப் பகுதியில் முஹம்மது இப்னு அப்துல் வஹ்ஹாப் தொடங்கிய சீர்திருத்தம். கப்று (கல்லறை) வழிபாடு, அவுலியாக்களிடம் (இறைநேசர்களிடம்) உதவி தேடுவது ஆகியவற்றை இணைவைப்பு என்று கண்டித்தது. அதைப் பின்பற்றியவர்கள் தங்களை இந்தப் பெயரால் அழைத்துக்கொள்வதில்லை.

2. சலஃபியம்: முதல் மூன்று தலைமுறை முஸ்லிம்களின் புரிதலுக்குத் திரும்ப வேண்டும் என்னும் பரந்த போக்கு. வஹ்ஹாபியம் இதற்குள் வரும். ஆனால் இது வஹ்ஹாபியத்தோடு முடிந்துவிடுவதில்லை.

3. இக்வான்: இந்த ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, 1910-களில் மன்னர் அப்துல் அஜீஸ் குடியமர்த்திய நஜ்து பழங்குடிப் போர்வீரர்கள். மற்றது, 1928-ல் எகிப்தின் இஸ்மாயிலியாவில் ஹசன் அல்-பன்னா தொடங்கிய முஸ்லிம் சகோதரத்துவ இயக்கம். இரண்டுக்கும் அமைப்பு ரீதியாக எந்தத் தொடர்பும் கிடையாது.

4. வலிய்யுல் அம்ர்: காரியங்களுக்குப் பொறுப்பாளர், அதாவது ஆட்சியாளர். அவருக்குச் செய்துகொடுக்கும் விசுவாச உறுதிமொழி பைஅத். அந்த உறுதியைக் குலைத்துச் சமூகத்தைப் பிளப்பது ஃபித்னா. ஆட்சியாளர் தவறு செய்தால் அவருக்குச் சொல்லும் நல்லுபதேசம் நஸீஹத்.

கடைசியில் சொன்ன நான்கு சொற்களில்தான் முழு நாடகமும் நடக்கிறது. நஸீஹத் கூடாது என்று எந்த ஆலிமும் சொல்ல முடியாது. அது ஹதீஸில் உள்ள கடமை. ஃபித்னா கூடும் என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாச் சண்டையும். அரசுச் சார்பு உலமாக்களின் (ஆலிம்களின்) பதில் தெளிவானது: மன்னரின் காதில் தனியாகச் சொன்னால் நஸீஹத், மிம்பரில் (பள்ளிவாசல் மேடையில்) ஏறி ஊரறியச் சொன்னால் ஃபித்னா.

1744: இருவர் செய்த ஏற்பாடு

இன்றைய ரியாத்தின் ஓரத்தில் இருக்கும் திரிய்யாவில் 1744-ல் முஹம்மது இப்னு சவூதும் முஹம்மது இப்னு அப்துல் வஹ்ஹாபும் கைகோத்தார்கள். படையும் ஆட்சியும் சவூதுக் குடும்பத்துக்கு. மார்க்கத் தீர்ப்பும் போதனையும் ஷெய்க்குக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும். ஆலு ஷெய்க் என்று இன்றும் அறியப்படும் குடும்பம் அந்த ஷெய்கின் வாரிசுகள்தான். 1818-ல் இப்ராஹிம் பாஷாவின் எகிப்தியப் படை திரிய்யாவைத் தரைமட்டமாக்கியது. இரண்டாவது சவூதி அரசு 1891-ல் விழுந்தது. 1902-ல் அப்துல் அஜீஸ் ரியாதைப் பிடித்தார். 1932-ல் இன்றைய ராஜ்ஜியம் பிறந்தது. மூன்று முறையும் அந்தப் பழைய ஏற்பாடு கூடவே வந்தது.

இந்த ஏற்பாட்டால் அரசுக்குக் கிடைத்தது பெரிய லாபம்: குலங்களாகச் சிதறிக் கிடந்த பாலைவனத்தில் வரி வாங்கவும் படை திரட்டவும் ஒரு நியாயம். அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. "நாங்கள் ஆள்வது மார்க்கத்தைக் காக்க" என்று சொன்ன நாளிலிருந்து, "காக்கவில்லையே" என்று யார் வேண்டுமானாலும் விரல் நீட்டலாம் என்றாகிவிட்டது.

விரல் நீட்டிய முதல் கூட்டம், அரசே வளர்த்த படை. அப்துல் அஜீஸுக்காக மக்காவும் மதீனாவும் உள்ள ஹிஜாஸ் வரை வென்று கொடுத்த இக்வான் வீரர்கள், பிரிட்டன் கட்டுப்பாட்டில் இருந்த ஈராக், குவைத் எல்லைகளிலும் போரைத் தொடர வேண்டும் என்றார்கள். காஃபிர்களோடு (இறைமறுப்பாளர்களோடு) ஒப்பந்தம் எதற்கு, தந்தியும் மோட்டார் வண்டியும் எதற்கு என்று கேட்டார்கள். மன்னருக்கு எல்லை வேண்டும், பிரிட்டனின் நட்பு வேண்டும். 1929 மார்ச்சில் ஸபிலாவில் அவர் இயந்திரத் துப்பாக்கிகளைக் கொண்டு தன் சொந்தப் போர்வீரர்களையே முறியடித்தார். அதற்கு முன் உலமாக்களின் ஆதரவைப் பெற்றுக்கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஜிஹாத் அறிவிக்கும் உரிமை ஆட்சியாளருக்கே உரியது என்று அவர்கள் சொன்னார்கள். பின்னால் வந்த ஒவ்வொரு நெருக்கடியிலும் இதே வரிசைதான்: முதலில் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு), பிறகு படை.

1979: ஹரமுக்குள் துப்பாக்கி

1979 நவம்பர் 20, ஹிஜ்ரி 1400-ன் முதல் நாள். மக்காவின் பெரிய பள்ளிவாசலில் ஃபஜ்ர் தொழுகை முடிந்த கையோடு சில நூறு ஆயுததாரிகள் வாசல்களை அடைத்தார்கள். தலைவர் ஜுஹைமான் அல்-உதைபி, தேசியக் காவல்படையில் பல ஆண்டு பணியாற்றியவர், பழைய இக்வான் குடியிருப்பு ஒன்றில் பிறந்தவர். தன் தோழர் முஹம்மது அல்-கஹ்தானியை வாக்களிக்கப்பட்ட மஹ்தி (இறுதிக் காலத்தில் வரும் வழிகாட்டி) என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, அங்கேயே பைஅத் கேட்டார்.

ஹரம் எனப்படும் அந்தப் புனித எல்லைக்குள் மரத்தை வெட்டுவதற்கே தடை உண்டு. அங்கே ராணுவம் சுடலாமா? சிப்பாய்களே தயங்கினார்கள். உலமாக்களின் ஃபத்வா வந்த பிறகுதான் முழுத் தாக்குதல் தொடங்கியது. இரண்டு வாரம் நீடித்த சண்டை, பள்ளிவாசலின் அடித்தள அறைகளில் முடிந்தது. 1980 ஜனவரியில் 63 பேருக்குப் பல நகரங்களில் பொதுவெளியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

ஜுஹைமான் வளர்ந்த இடம் மதீனாவில் இயங்கிய ஒரு பக்திக் குழு. நாட்டின் மிக மதிப்புக்குரிய ஆலிமான இப்னு பாஸ் தொடக்கத்தில் அந்தக் குழுவுக்கு ஆதரவாக இருந்தவர். அதாவது, கலகம் வெளியிலிருந்து வரவில்லை. அரசு சம்பளம் கொடுத்த மதக் கல்வியின் மடியில் வளர்ந்தது. ஆனால் அரசு எடுத்த முடிவு மதத்துக்கு இன்னும் கூடுதல் இடம் கொடுப்பது. மத நிறுவனங்களுக்குப் பணம் கூடியது, பாடத்திட்டத்தில் மார்க்கப் பாட நேரம் கூடியது, "நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும்" வாரியத்தின் கை ஓங்கியது. வளைகுடாவில் வேலை பார்த்த நம்மவர்கள் "முத்தவா" என்று சொல்வது அந்த வாரியத்தின் ஆட்களைத்தான்.

இங்கே ஒரு திருத்தம் அவசியம். "1979-க்கு முன் சவூதி இயல்பான நாடாக இருந்தது, அதன் பிறகே இறுக்கம் வந்தது" என்று இன்றைய ஆட்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இது பாதிக் கதை. மத வாரியம் 1920-களிலிருந்தே இருக்கிறது. 1965-ல் தொலைக்காட்சி வந்தபோது ஒளிபரப்பு நிலையத்தை எதிர்த்துக் கிளம்பிய அரச குடும்ப இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து ஆண்டு கழித்து மன்னர் ஃபைசலைக் கொன்றது அந்த இளைஞரின் சகோதரர். இறுக்கம் 1979-ல் கூடியது, பிறக்கவில்லை. எல்லாப் பழியையும் அந்த ஒரு ஆண்டின் மேல் போட்டால், அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுகளில் அரச குடும்பத்துக்கு இருந்த பங்கு மறைந்துவிடும்.

ஸஹ்வா: இரண்டு மரபுகள் கலந்த கதை

ஸஹ்வா என்றால் விழிப்பு. 1990-களில் அரசை உலுக்கிய இயக்கம் இதுதான். இது எப்படி உருவானது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1950-களிலும் 60-களிலும் எகிப்தில் நாசிரும் சிரியாவில் பாத் கட்சியும் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தவரைச் சிறையில் தள்ளினார்கள். தப்பியவர்களுக்குச் சவூதி அடைக்கலம் கொடுத்தது. நாசிரின் அரபு தேசியவாதத்துக்கு எதிராக மார்க்கத்தைப் பேசத் தெரிந்த, எழுதத் தெரிந்த ஆட்கள் ஃபைசலுக்குத் தேவைப்பட்டார்கள். எண்ணெய்ப் பணத்தில் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் முளைத்துக்கொண்டிருந்தன. பாடம் நடத்த உள்நாட்டில் போதிய ஆசிரியர்கள் இல்லை. 1961-ல் மதீனாவில் இஸ்லாமியப் பல்கலைக்கழகமும் 1962-ல் மக்காவில் உலக முஸ்லிம் லீகும் தொடங்கின. 1966-ல் எகிப்தில் தூக்கிலிடப்பட்ட சகோதரத்துவ இயக்கச் சிந்தனையாளர் செய்யித் குதுபின் தம்பி முஹம்மது குதுப் மக்காவில் பேராசிரியரானார். சிரியாவைச் சேர்ந்த முஹம்மது சுரூர் புரைதா நகரில் ஆசிரியரானார்.

வந்தவர்கள் அரசியலைக் கொண்டுவந்தார்கள்: காலனியம், ஃபலஸ்தீன், ஆட்சிமுறை, சமூக நீதி. உள்ளூர் மரபு அகீதாவை (நம்பிக்கைக் கோட்பாட்டை) கொண்டிருந்தது: தவ்ஹீத் (ஏக இறைக் கொள்கை), இணைவைப்பு, யாரோடு நட்பு, யாரோடு பகை. இரண்டும் வகுப்பறையில் கலந்தன. நம்பிக்கையில் சமரசமே இல்லாத நஜ்துக்காரராகவும், உலக அரசியலைக் கேள்வி கேட்கும் இயக்கத்தவராகவும் ஒரே சமயத்தில் இருக்கும் ஒரு தலைமுறை உருவானது. சல்மான் அல்-அவ்தாவும் சஃபர் அல்-ஹவாலியும் அந்தத் தலைமுறைதான். ஹவாலியின் ஆய்வுக்கு மக்காவில் வழிகாட்டியவர் முஹம்மது குதுப்.

கட்சிக்கு அனுமதியில்லை, சங்கத்துக்கு அனுமதியில்லை. பிறகு எப்படி ஆள் சேர்ந்தது? மூன்று வழிகளில்.

1. பள்ளிக்கூடம்: மாலைநேர மார்க்க விழிப்புணர்வுக் குழுக்கள், குர்ஆன் மனப்பாட வட்டங்கள், கோடை முகாம்கள். எல்லாம் சட்டப்படி நடப்பவை, பெற்றோரே விரும்பி அனுப்புபவை. முகாமில் பழகிய மாணவர் பல்கலைக்கழகத்தில் அதே வட்டத்தைத் தேடிப் போவார்.

2. பள்ளிவாசல்: வெள்ளிக்கிழமை குத்பாவும் (தொழுகை உரையும்) அதற்குப் பிந்தைய சொற்பொழிவும்.

3. ஒலிநாடா: அந்தச் சொற்பொழிவைப் பதிந்து, இஸ்லாமிய ஒலிப்பதிவுக் கடைகளில் பிரதியெடுத்துச் சில ரியாலுக்கு விற்றார்கள். செய்தித்தாளுக்குத் தணிக்கை உண்டு, தொலைக்காட்சி அரசுடையது. கேசட் சட்டைப்பைக்குள் அடங்கியது. புரைதாவில் பேசியது சில நாளில் ஜித்தாவில் டாக்சிக்குள் ஒலித்தது.

1980-களின் நடுவில் எண்ணெய் விலை சரிந்தபோது, மார்க்கப் பட்டம் வாங்கிய இளைஞர்களுக்கு வேலை சுருங்கியது. சொல்ல ஆளும், கேட்கச் செவியும், கடத்த நாடாவும் தயாராக இருந்த நேரத்தில் வந்தது 1990.

இரண்டு மனுக்கள், ஒரு கோடு

1990 ஆகஸ்ட் 2-ல் சதாம் ஹுசைன் குவைத்தைப் பிடித்தார். மன்னர் ஃபஹத் அமெரிக்கப் படையை அழைத்தார். மூத்த உலமாக்கள் சபை அதை அனுமதித்து ஃபத்வா கொடுத்தது. அத்தனை ஆண்டு காஃபிர்களோடு நட்பு கூடாது என்று பாடம் எடுத்த அதே நிறுவனம் கொடுத்த ஃபத்வா அது. ஹவாலியின் நாடாக்கள் நேராக அந்த இடத்தைக் கிள்ளின: ஈராக் குவைத்தைப் பிடித்தது பெரிய ஆபத்தா, அமெரிக்கா வளைகுடாவில் கால் ஊன்றுவது பெரிய ஆபத்தா?

1991 மே மாதம் "கோரிக்கைக் கடிதம்" மன்னரிடம் போனது. ஏறத்தாழ 400 உலமாக்களும் படித்தவர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். ஒரு பக்க அளவில் 12 கோரிக்கைகள். சுதந்திரமான ஆலோசனைச் சபை, எல்லாச் சட்டமும் ஷரீஅத்துக்கு இணங்குவது, தகுதியும் நேர்மையும் உள்ள அதிகாரிகள், பொதுச் செல்வத்தில் நியாயமான பங்கீடு, வட்டியும் வீண்செலவும் ஒழிப்பு, வலுவான ராணுவம், சுதந்திரமான நீதித்துறை, தனிமனிதரின் உரிமைக் காப்பு... இப்படிப் போனது பட்டியல். அதை இன்று படித்தால் இரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்கும். ஒன்று பொறுப்புள்ள ஆட்சி வேண்டும் என்று கேட்கும் குடிமகனின் குரல். மற்றது சமூகத்தின் மேல் மார்க்கப் பிடி இன்னும் இறுக வேண்டும் என்று கேட்கும் குரல். 1990 நவம்பர் 6-ல் ரியாத்தில் 47 பெண்கள் கார் ஓட்டிக் காட்டியபோது அவர்களை மிகக் கடுமையாகத் தாக்கியவர்களும் ஸஹ்வாக்காரர்கள்தான். "ஜனநாயகப் போராளிகள்" என்றோ "பிற்போக்குக் கூட்டம்" என்றோ ஒற்றைச் சொல்லில் இவர்களை அடக்க முடியாததற்கு இதுவே காரணம்.

கடிதத்துக்கு இப்னு பாஸின் ஒப்புதலும் கிடைத்திருந்தது. ஆனால் நகல் எடுத்து ஊரெங்கும் பரப்பியதும் நிலைமை மாறியது. மூத்த உலமாக்கள் சபை வெளியிட்ட அறிக்கை உள்ளடக்கத்தைக் கண்டிக்கவில்லை, பகிரங்கப்படுத்தியதைக் கண்டித்தது. தனியே மன்னரிடம் கொடுத்திருந்தால் அதே 12 கோரிக்கைகளும் நஸீஹத். தெருவுக்கு வந்ததால் ஃபித்னா. முன்னே சொன்ன கோடு இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் விழுந்ததில்லை.

1992-ல் நூற்றுக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட "நல்லுபதேசக் குறிப்பாணை" வந்தது. பெயரையே நஸீஹத் என்று வைத்தார்கள், யாரும் ஃபித்னா என்று சொல்லிவிடக் கூடாதென்று. முந்தையது ஒரு பக்கம். இது நாற்பது பக்கத்துக்கு மேல், துறை துறையாகக் குறைகளை அடுக்கியது. இம்முறை சபை அதைக் கண்டித்தது. அந்தக் கண்டனத்தில் கையெழுத்திடாத ஏழு உறுப்பினர்களை மன்னர் ஓய்வில் அனுப்பினார்.

1993 மே மாதம் உரிமைப் பாதுகாப்புக் குழு ஒன்று அறிவிக்கப்பட்டு, உடனே தடைசெய்யப்பட்டது. அதன் பேச்சாளர் முஹம்மது அல்-மஸ்அரி 1994-ல் லண்டன் போய் அங்கிருந்து ஃபேக்ஸில் அறிக்கைகள் அனுப்பினார். 1994 செப்டம்பரில் அவ்தாவும் ஹவாலியும் கைதானார்கள். புரைதாவில் ஆதரவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்நாட்டில் அது அபூர்வம். இருவரும் வெளியே வந்தது 1999-ல்.

அரசு அடித்ததோடு நிற்கவில்லை, கொஞ்சம் கொடுக்கவும் செய்தது. 1992 மார்ச் 1-ல் ஆட்சிக்கான அடிப்படைச் சட்டம் வந்தது. ஆலோசனைச் சபை அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டு 60 நியமன உறுப்பினர்களோடு கூடியது. ஆலோசனைச் சபை வேண்டும் என்ற கோரிக்கை பெயரளவில் நிறைவேறியது. "சுதந்திரமான" என்ற அடைமொழி மட்டும் விடுபட்டது.

எதிர்ப்பை அரசு கையாளும் கருவிகள்

1929 முதல் 2011 வரை பார்த்தால் அதே நான்கு கருவிகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

1. ஃபத்வா. 1971-ல் மன்னர் ஃபைசல் மூத்த உலமாக்கள் சபையை அமைத்தார். அதுவரை பெரிய முஃப்தி ஒருவரிடம் குவிந்திருந்த அதிகாரம், மன்னர் நியமிக்கும், மன்னர் நீக்கும் சபைக்கு மாறியது. 2011 மார்ச்சில், அரபு நாடுகளில் கிளர்ச்சி பரவியபோது, ஆர்ப்பாட்டம் ஷரீஅத்துக்கு முரண் என்று இதே சபை அறிவித்தது.

2. எதிர்ச் சலஃபிகள். மதீனாவில் முஹம்மது அமான் அல்-ஜாமி, ரபீஃ அல்-மத்கலி ஆகியோரைச் சுற்றி உருவான வட்டம், ஆட்சியாளரைப் பகிரங்கமாக விமர்சிப்பதே வழிகேடு என்றது. அரசியல் இஸ்லாத்தை அகீதா மொழியிலேயே தாக்க ஆள் கிடைத்ததில் அரசுக்குப் பெரிய நிம்மதி. மத்கலியின் மாணவர்கள் லிபியா, ஏமன் வரை இன்று பரவியிருக்கிறார்கள்.

3. பணமும் பதவியும். 2011-ல் மன்னர் அப்துல்லாஹ் அறிவித்த சலுகைகளில் உள்துறை அமைச்சகத்தில் 60,000 வேலைகளும் இருந்தன. பள்ளிவாசல் பராமரிப்புக்கும் மத வாரியத்துக்கும் தனி நிதியும் இருந்தது. ஃபத்வா வந்த அதே மாதம் அந்த நிதியும் வந்தது.

4. சிறையும் மன்னிப்பும். ஐந்தாண்டு உள்ளே வைத்து, வெளியே விட்டு, தொலைக்காட்சியில் இடம் கொடுப்பது. 1999-ல் விடுதலையான அவ்தா பின்னர் அரபு உலகம் பார்க்கும் நிகழ்ச்சிகளை நடத்தினார். 2003 மே மாதம் ரியாத்தில் அல்-காயிதா குண்டு வைத்தபோது, வன்முறையைக் கண்டித்துப் பேச அரசுக்கு இந்த ஸஹ்வா ஆலிம்களே உதவினார்கள். இளைஞர்கள் நம்பும் குரல் அவர்களிடம்தான் இருந்தது.

இந்த நான்காவது கருவியை மேலைநாட்டுச் செய்திகள் அதிகம் கவனிப்பதில்லை. ஆனால் ஆட்சி நிலைத்ததற்கு அது முக்கியக் காரணம். எதிர்ப்பாளருக்குத் திரும்பிவரும் வழி திறந்தே இருந்தது.

ஷியாக்களின் நிலை வேறு

மேலே சொன்ன எதுவும் கிழக்கு மாகாணத்தின் கதீஃபிலும் அல்-அஹ்சாவிலும் வாழும் ஷியாக்களுக்கு அப்படியே பொருந்தாது. ஏனென்றால் அரசின் மார்க்க நியாயத்துக்கு வெளியே அவர்கள் நிறுத்தப்பட்டிருந்தார்கள். பல உலமாக்கள் அவர்களை முஸ்லிம்களாகவே ஏற்கவில்லை. எண்ணெய் வயல்கள் அவர்களின் மண்ணில் இருந்தும் அரசு உயர்பதவிகளில் அவர்களுக்கு இடம் மிகக் குறைவு. 1979-ல் அதே முஹர்ரம் மாதத்தில் கதீஃபில் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டது. 1993-ல் ஹசன் அல்-சஃப்பாரின் குழுவோடு மன்னர் ஃபஹத் சமரசம் செய்தார், நாடுகடந்திருந்தவர்கள் திரும்பினார்கள். அந்தச் சமரசத்தில் சேராத நிம்ர் அல்-நிம்ர் 2011 ஆர்ப்பாட்டங்களின் குரலானார். 2016 ஜனவரி 2-ல், 47 பேருக்கு ஒரே நாளில் மரண தண்டனை நிறைவேற்றியபோது அவரும் அதில் ஒருவர். மற்றவர்களில் பெரும்பாலோர் அல்-காயிதா வழக்கில் தண்டிக்கப்பட்ட சுன்னிகள். இருவகையினரையும் ஒரே பட்டியலில் வைத்ததே அரசு சொல்ல வந்த செய்தி.

2011-க்குப் பிறகு: அஞ்சியது தேர்தலைக் கண்டு

எகிப்தில் 2012-ல் முஸ்லிம் சகோதரத்துவம் தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்தது சவூதி அரச குடும்பத்தை உலுக்கியது. அல்-காயிதாவின் குண்டை எதிர்கொள்ளத் தெரிந்த அரசுக்கு, தாடி வைத்து, குர்ஆன் ஓதி, வாக்குப்பெட்டி மூலம் வரும் ஆட்சியாளர் பெரிய சிக்கல். மார்க்கமும் மக்கள் ஒப்புதலும் அவரிடம் இருந்தால் பரம்பரை முடிக்கு என்ன நியாயம் மிஞ்சும்? சவூதியிலும் அந்த எண்ணம் எட்டிப்பார்த்தது. 2011 பிப்ரவரியில் உம்மா இஸ்லாமியக் கட்சி என்று ஒன்றை அறிவித்தவர்கள் சில நாளில் கைதானார்கள். உரிமைகளும் நிறுவனங்களும் கொண்ட அரசு வேண்டும் என்ற மனுவில் அவ்தாவின் கையெழுத்தும் இருந்தது. 1991-ன் மனுவோடு ஒப்பிட்டால் மொழி எவ்வளவு மாறியிருந்தது என்று தெரியும்: இந்தமுறை முன்னால் நின்றது தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம்.

2013-ல் எகிப்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததைச் சவூதி உடனே வாழ்த்தியது. 2014 மார்ச்சில் முஸ்லிம் சகோதரத்துவத்தைப் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்தது. அறுபது ஆண்டு முன் அடைக்கலம் கொடுத்த இயக்கம்.

2017-ல் உடைந்த வழக்கம்

அவ்தாவின் கைது பழைய வரிசையின் இன்னொரு சுற்று என்று முதலில் பலர் நினைத்தார்கள். அது தவறான கணிப்பு. மூன்று விஷயங்கள் மாறியிருந்தன.

1. மௌனமும் போதாது. கைதான ஆலிம்கள் பலர் அரசை விமர்சித்தவர்கள் அல்லர். கத்தார் விஷயத்தில் அரசை ஆதரித்துப் பேசாதவர்கள். முன்பு கோடு தனிமைக்கும் பகிரங்கத்துக்கும் நடுவில் இருந்தது. இப்போது அரசு சொல்லச் சொன்னதைச் சொல்வதற்கும் சொல்லாமல் இருப்பதற்கும் நடுவில் வந்துவிட்டது.

2. திரும்பிவரும் வழி குறுகிவிட்டது. ஸஹ்வாவின் இன்னொரு புகழ்பெற்ற முகமான ஆயிழ் அல்-கர்னி 2019 ரமலானில் தொலைக்காட்சியில் தோன்றி, இயக்கம் செய்த தவறுகளுக்கு நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் வெளியில் இருக்கிறார். அப்படிப் பேசாத அவ்தாவின் வழக்கு விசாரணை தேதி தேதியாகத் தள்ளிப்போனது. ஹவாலி 2018 ஜூலையில், அரச குடும்பத்தை விமர்சித்த நூல் ஒன்று வெளியானதும், நோயுற்ற நிலையில் கைதானார்.

3. மார்க்கப் பங்காளியும் ஒதுக்கப்பட்டார். 2016 ஏப்ரலில் முத்தவாக்களின் கைது அதிகாரம் பறிக்கப்பட்டது. 2018-ல் திரையரங்கு திறந்தது, ஜூன் 24 முதல் பெண்கள் கார் ஓட்டினார்கள். 2021-ல் பள்ளிவாசலின் வெளி ஒலிபெருக்கிகள் பாங்குக்கும் இகாமத்துக்கும் (தொழுகை தொடங்கும் அழைப்புக்கும்) மட்டும், அதுவும் மூன்றில் ஒரு பங்கு ஒலியளவில் என்று உத்தரவு வந்தது. அதே ஆண்டு தொழுகை நேரத்தில் கடையைத் திறந்து வைக்கலாம் என்று வணிகச் சபைகளின் சுற்றறிக்கை வந்தது. பாங்கு சொன்னதும் ஷட்டரை இழுத்துவிட்டு வாசலில் காத்து நின்ற அனுபவம் அங்கே வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் இருக்கும். அது ஒரு சுற்றறிக்கையில் முடிந்தது. இவை எதற்கும் உலமாக்கள் சபையிலிருந்து பகிரங்க எதிர்ப்பு எழவில்லை.

பெண்களுக்குக் கிடைத்த இந்த உரிமைகள் உண்மையானவை. அவற்றைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. அதே 2018 மே மாதத்தில், கார் ஓட்டும் உரிமைக்காகப் பல ஆண்டு போராடிய பெண்களையே கைது செய்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாகும். மார்க்கத்தின் பேரால் கேட்டாலும், பெண்ணுரிமையின் பேரால் கேட்டாலும், கீழிருந்து கேட்பது குற்றம். மேலிருந்து கொடுத்தால் சீர்திருத்தம்.

2022-ல் நடந்த ஒரு மாற்றம் வெளியே அதிகம் பேசப்படவில்லை. பிப்ரவரி 22-ஐ நாட்டின் நிறுவன நாளாக அரசு அறிவித்தது. அது குறிக்கும் ஆண்டு 1727, முஹம்மது இப்னு சவூத் திரிய்யாவின் ஆட்சிக்கு வந்த ஆண்டு. அதுவரை பள்ளிப் பாடங்கள் தொடக்கமாகச் சொல்லிவந்தது 1744-ஐ. பதினேழு ஆண்டு முன்னால் நகர்த்தியதில், முஹம்மது இப்னு அப்துல் வஹ்ஹாப் கதைக்குள் வருவதற்கு முன்பே அரசு பிறந்துவிட்டது.

எதிர்ப்பு இப்போது எங்கே?

உள்நாட்டில் கேசட்டின் இடத்தை ட்விட்டர் பிடித்தது. சிறப்புக் குற்றவியல் நீதிமன்றம் அதைப் பின்தொடர்ந்தது. பயங்கரவாத வழக்குகளுக்காக 2008-ல் அமைக்கப்பட்ட நீதிமன்றம் இது. சமூக ஊடகப் பதிவுகளுக்காக இங்கே பல பத்தாண்டுச் சிறைத் தண்டனைகள் விதிக்கப்பட்டிருக்கின்றன. 2023-ல் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு மரண தண்டனையே விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்குப் பின் 30 ஆண்டுச் சிறையாக மாற்றப்பட்டது.

வெளிநாட்டில், 2020 செப்டம்பர் 23 அன்று, சவூதியின் தேசிய நாளிலேயே, நாடுகடந்து வாழ்பவர்கள் தேசிய மன்றக் கட்சியை அறிவித்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றமும் சுதந்திரமான நீதித்துறையும் அதன் கோரிக்கைகள். முன்னாள் விமானப்படை அதிகாரியும் மனித உரிமைச் செயற்பாட்டாளருமான யஹ்யா அசீரி, மதச்சார்பற்ற ஆய்வாளர் மதாவி அல்-ரஷீத், மார்க்க அறிஞர் சயீத் அல்-காம்தி ஆகியோர் அதில் ஒன்றாகக் கையெழுத்திட்டார்கள். 1990-களில் இந்த மூன்று வகையினரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நிறுவனர்களில் இன்னொருவர் சட்ட அறிஞர் அப்துல்லாஹ் அல்-அவ்தா. ஒரு வரி துஆவுக்காகச் சிறையில் இருக்கும் சல்மான் அல்-அவ்தாவின் மகன்.